மொத்தக் கொழுப்பு 178, ஆனாலும் பக்கவாதம்

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்குப் பக்கவாதம் வந்தது. ஒருவர் என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சர்க்கரைக்கு ரொம்ப வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவர். இன்னொருவர் என் அப்பா. அவருக்குச் சர்க்கரை கிடையாது. பிபி உண்டு, பீடி உண்டு. நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். இரண்டு பேருடைய கொழுப்பு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆனால் டாக்டர்கள் இரண்டு பேருக்கும் எழுதிக் கொடுத்த கொழுப்பு மாத்திரை ஒன்றேதான். அது ஏன் என்று வீட்டிலும் தெருவிலும் லேபுக்கு வருகிறவர்களிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனதால் எழுதி வைக்கிறேன்.

அத்தையின் ரிப்போர்ட்: மொத்தக் கொழுப்பு 178, ட்ரைகிளிசரைடு 262, எச்டிஎல் 33, எல்டிஎல் 93. அப்பாவுடையது: மொத்தம் 248, ட்ரைகிளிசரைடு 128, எச்டிஎல் 44, எல்டிஎல் 178. எல்லாமே ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. எல்டிஎல் என்பது கெட்ட கொழுப்பு, எச்டிஎல் நல்ல கொழுப்பு, ட்ரைகிளிசரைடு ரத்தத்தில் ஓடுகிற இன்னொரு வகைக் கொழுப்பு.

என் வீட்டுக்காரர் மேல் வரியை மட்டும் பார்த்துவிட்டு, "அம்மாவுக்குக் கொலஸ்ட்ரால் நார்மல்தானே, அப்புறம் எப்படி வந்துச்சு?" என்றார். அவர் மேல் குற்றமில்லை. லேபில் ரிப்போர்ட் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஒரு வரியைத்தான் பார்க்கிறார்கள். 200க்குக் கீழே இருந்தால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அப்பாவின் ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்வது சுலபம். எல்டிஎல் 178 என்றால் கழுத்து ரத்தக்குழாயில் கொழுப்பு படிவதற்கு வேறு காரணமே வேண்டாம். கூட பீடியும் பிபியும். கழுத்தில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தபோது வலது பக்கக் குழாயில் படிவு தெளிவாகவே தெரிந்தது. இடது கை, இடது கால் போனதற்கு அதுதான் காரணம் என்றார்கள்.

அத்தையுடையதுதான் ஏமாற்றுகிற ரிப்போர்ட். சர்க்கரை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இன்சுலின் இருந்தும் வேலை செய்யாத நிலை. உடம்பிலுள்ள கொழுப்புத் திசு தன்னிடம் இருப்பதை அடக்கி வைக்காமல் ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அது கல்லீரலுக்குப் போய் ட்ரைகிளிசரைடாக மாறித் துகள் துகளாகத் திரும்ப ரத்தத்துக்கு வரும். அந்தத் துகள்கள் தங்கள் சுமையில் கொஞ்சத்தை எச்டிஎல்லுக்கும் எல்டிஎல்லுக்கும் மாற்றிக் கொடுக்கும். அப்படிச் சுமை மாறிய எச்டிஎல் சீக்கிரம் அழிந்துவிடும். எல்டிஎல் சிறுத்து, அடர்த்தியாகிவிடும். சிறுத்த எல்டிஎல் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் எளிதாக நுழையும். எடை கணக்கில் 93 தான். ஆனால் துகள் சின்னதாக இருப்பதால் அதே 93க்கு எண்ணிக்கை அதிகம். லேபில் நாங்கள் போடுவது எடைக் கணக்கு. எண்ணிக்கை அதில் தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரு சுலபமான கழித்தல் இருக்கிறது. மொத்தக் கொழுப்பிலிருந்து எச்டிஎல்லைக் கழியுங்கள். அத்தைக்கு 178இல் 33 போனால் 145. இதை நான்-எச்டிஎல் என்பார்கள். ரத்தக்குழாயில் படியக்கூடிய கெட்ட சரக்கு எல்லாம் சேர்ந்த கணக்கு. சர்க்கரையும் இருந்து பக்கவாதமும் வந்தவருக்கு இது 100க்குக் கீழே இருக்க வேண்டும். 45 கூடுதல். 'நார்மல்' ரிப்போர்ட்டுக்குள்ளே அந்த 45 ஒளிந்துகொண்டிருந்தது.

இது அத்தை ஒருவருடைய கதை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் தமிழ்நாட்டையும் சேர்த்து நடத்திய 'இண்டியாப்' (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வின் கொழுப்புக் கணக்கு 2014இல் வந்தது. அதில் மொத்தக் கொழுப்பு அதிகமாக இருந்தவர்கள் 13.9 சதவீதம்தான். ட்ரைகிளிசரைடு அதிகம் 29.5 சதவீதம். எச்டிஎல் குறைவு 72.3 சதவீதம். நம் ஆட்களுக்கு வருகிற கோளாறு மேல் வரியில் தெரிகிற கோளாறு இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

லேபில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரத்தத்தை சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் மேலே சீரம் பிரிந்து நிற்கும். சாதாரணமாக அது வைக்கோல் நிறத்தில், ட்யூபுக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கும். ட்ரைகிளிசரைடு ஐந்நூறு, அறுநூறு என்று போனவர்களின் சீரம் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கி நிற்கும். விரல் தெரியாது. அந்த ரிப்போர்ட்டில் எல்டிஎல் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவோம். உடனே சண்டைக்கு வருவார்கள்: "காசு வாங்கினீங்கள்ல, ஒண்ணு விட்டுப் போயிருக்கே?" விட்டுப் போகவில்லை. பெரும்பாலான லேபில் எல்டிஎல்லைத் தனியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறோம். 1972இல் ஃப்ரீட்வால்ட் என்பவர் கொடுத்த சூத்திரம். ட்ரைகிளிசரைடு 400க்கு மேல் போனால் அந்தக் கணக்கு செல்லாது. அப்போது எல்டிஎல்லை நேரடியாக அளக்கிற டெஸ்டைத் தனியாகக் கேட்க வேண்டும். நான்-எச்டிஎல் கழித்தலுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

பக்கவாதம் வந்த நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்களைவிட அன்றைக்கு நடந்ததுதான் அத்தையின் கையைக் காப்பாற்றியது.

காலை பத்து மணி இருக்கும். அத்தை வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். பூவுக்குள் இருக்கிற கள்ளன் நரம்பை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே மடியில் விழுந்துவிட்டது. என்ன என்று கேட்டால் வார்த்தை குழறியது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. எதிர்வீட்டு அக்கா, "சுகர் இறங்கியிருக்கும்" என்று சர்க்கரை தூக்கலாகக் காபி கலந்து வந்து வாயில் புகட்டிவிட்டார். புரையேறி, கண்ணெல்லாம் சிவந்து, மூச்சுத் திணறிப் போயிற்று. அந்த அக்கா நினைத்ததிலும் நியாயம் இருக்கிறது. சர்க்கரை மிகவும் இறங்கினாலும் பக்கவாதம் மாதிரியே கை தளரும், பேச்சுக் குழறும். அதனால் வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் முதலில் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். பார்த்தபோது 286. இறங்கவில்லை, ஏறியிருந்தது. பக்கவாதத்தில் விழுங்குகிற சக்தியும் போயிருக்கலாம். காபி, தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் போடக்கூடாது. புரையேறி நுரையீரலுக்குப் போனால் நிமோனியா ஆகிவிடும்.

108க்குப் போன் பண்ணினோம். தமிழ்நாட்டில் 2008இலிருந்து ஓடுகிற வண்டி, இன்னும் நம் ஊரில் பலர் கார் கிடைக்குமா, ஆட்டோ கிடைக்குமா என்றுதான் அலைகிறார்கள். போனில் "பக்கவாதம், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது" என்று சொல்லிவிட்டால் சிடி ஸ்கேன் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோக வசதியாக இருக்கும். சிடி இல்லாத ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருப்பது நேரத்தைத் தொலைப்பது. அடைப்பா, ரத்தக் கசிவா என்று சிடி பார்த்துத்தான் சொல்ல முடியும். அடைப்பு என்றால், ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாம். அத்தைக்குத் தஞ்சாவூரில் அந்த நேரத்துக்குள் போட்டார்கள். இப்போது மறுபடி வாழைப்பூ ஆய்கிறார், கொஞ்சம் மெதுவாக.

அப்பாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ராத்திரி நன்றாகப் படுத்தவர், விடிகாலை எழுந்திருக்கும்போதே இடது பக்கம் வரவில்லை. எப்போது ஆரம்பித்தது என்று தெரியாவிட்டால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. அந்தக் கணக்கில் ஊசிக்கு நேரம் தாண்டியிருந்தது. இதற்கு நடுவில் ஒரு சொந்தக்காரர் புறா ரத்தம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று ஆளை அனுப்பப் பார்த்தார். அம்மா அவரை வாசலோடு நிறுத்தியது பெரிய காரியம். அடைப்பு இருப்பது மூளைக்குள்ளே. கையில் எதைத் தேய்த்து என்ன?

சேர்த்த அன்று அப்பாவுக்குச் சர்க்கரை 172 காட்டியது. உடனே "அப்பாவுக்கும் சுகர் வந்துருச்சு" என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் செய்தி போய்விட்டது. பக்கவாதம் வந்த அதிர்ச்சியில் சர்க்கரை இல்லாதவர்களுக்கும் அந்த நேரம் ஏறும். உண்மை தெரிய எச்பிஏ1சி பார்க்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் டெஸ்ட். அப்பாவுக்கு 5.6. சர்க்கரை இல்லை. அத்தைக்கு 9.1. 6.5 தொட்டால் சர்க்கரை நோய், 5.7இலிருந்து 6.4 வரை வாசல்படி.

கொழுப்புக்கு ரத்தம் எடுப்பதிலும் நேரம் இருக்கிறது. பெரிய நோய் வந்து படுத்தால் சில நாளில் எல்டிஎல் தானாகவே இறங்கும். சேர்த்த முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் எடுத்தால்தான் ஆளின் நிஜமான எண் கிடைக்கும். பத்து நாள் கழித்து எடுத்துவிட்டு "கொழுப்பு நல்லாத்தான் இருக்கு" என்றால் அது பொய்த் தெம்பு. அப்புறம், மாத்திரை ஆரம்பித்து நாலிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும். லேபுக்கு வரும்போது "வெறும் வயிறுதாங்க, காபி மட்டும் குடிச்சேன்" என்று சொல்கிறவர்கள் தினமும் உண்டு. பாலும் சர்க்கரையும் போட்ட காபி வெறும் வயிற்றுக் கணக்கில் வராது. மொத்தக் கொழுப்பும் எச்டிஎல்லும் சாப்பிட்ட பிறகும் பெரிதாக மாறாது, ட்ரைகிளிசரைடு மாறும். இன்னொரு ரகம், டெஸ்டுக்கு முந்தின வாரம் மட்டும் சப்பாத்தியும் சுரைக்காயுமாக இருந்துவிட்டு வருவது. ட்ரைகிளிசரைடு இறங்கிக் காட்டும்தான். எச்பிஏ1சி காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். அத்தைக்கு எல்டிஎல் 93 இருக்க எதற்கு அட்டோர்வாஸ்டாட்டின் என்ற இந்தக் கொழுப்பு மாத்திரை என்று நரம்பியல் டாக்டரிடம் என் வீட்டுக்காரர் கேட்டார். டாக்டர் சொன்னார்: "இந்த ரிப்போர்ட்ல அச்சடிச்சிருக்கிற நார்மல் ஊருக்குப் பொதுவா போட்டது தம்பி. உங்க அம்மாவுக்கு ஒரு தடவை வந்தாச்சு. அவங்களுக்கு 70க்குக் கீழதான் நார்மல்." 2004இல் வந்த கார்ட்ஸ் ஆய்வில், எல்டிஎல் பெரிதாக ஏறாத, இதய நோய் இல்லாத சர்க்கரை நோயாளிகளுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் 48 சதவீதம் குறைந்தது. எண் ஏறட்டும், அப்புறம் மாத்திரை ஆரம்பிக்கலாம் என்று சர்க்கரைக்காரர்கள் காத்திருக்கத் தேவையில்லை என்று அதில்தான் தெரிந்தது. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களிடம் 80 மில்லிகிராம் கொடுத்து நடத்திய ஸ்பார்க்கிள் ஆய்வு 2006இல் வந்தது. ஐந்து வருஷ அளவில் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் 13.1 சதவீதத்திலிருந்து 11.2ஆகக் குறைந்தார்கள். மாயம் எதுவும் இல்லை. ஆனால் அந்த இரண்டு சதவீதத்தில் நம் வீட்டு ஆள் இருக்கலாம். அதே ஆய்வில் ரத்தக் கசிவு கொஞ்சம் கூடியது. அதனால் கசிவினால் பக்கவாதம் வந்தவர்கள் இந்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடவும் கூடாது, விடவும் கூடாது.

அப்பாவுக்கு 40 மில்லிகிராமில் 178 இறங்கி 94இல் நின்றது. அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக ஆறு சதவீதம்தான் இறங்குமாம். அதற்குப் பதில் எஸெட்டிமைப் 10 மில்லிகிராம் சேர்த்தார்கள், குடலிலிருந்து கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிற மாத்திரை. 69க்கு வந்தது. அத்தைக்கு எல்டிஎல் 58க்குப் போய்விட்டது. ட்ரைகிளிசரைடுக்குத் தனி மாத்திரை கொடுக்கவில்லை. சர்க்கரையை முதலில் கட்டுங்கள், அது தானாக இறங்கும் என்றார் டாக்டர். எச்பிஏ1சி 7.3க்கு வந்தபோது ட்ரைகிளிசரைடு 158. 500க்கு மேல் போனால் மட்டும் கணையத்துக்கு ஆபத்து என்பதால் வேறு மருந்து பேசுவார்கள்.

அப்பா முதலில் முரண்டு பிடித்தார். இங்கிலீஷ் மாத்திரை உடம்பைக் கெடுக்கும் என்று. அவருக்கு ஒரு கதை சொன்னேன். ஸ்டாட்டின் என்கிற இந்த வகை மாத்திரைக்கு முதல் வித்து, 1973 வாக்கில் ஜப்பானில் அகிரா எண்டோ என்ற ஆராய்ச்சியாளர் ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்தது. அந்தப் பூஞ்சை கிடைத்தது கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில். எண்டோவும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா யோசித்துவிட்டு, "அப்ப மழையில நனைஞ்சு பூத்துப்போன நெல்லையெல்லாம் நாம வீணாத் தூக்கிக் கொட்டிருக்கோம்" என்றார். பூசணம் பிடித்த அரிசி விஷம், அதை யாரும் சாப்பிட வேண்டாம். அப்பா அன்றிலிருந்து மாத்திரையைச் சாப்பிட்டுவிடுகிறார், எனக்கு அது போதும்.

நான் லேபில் அதிகம் பார்க்கிற விபரீதம், எண் இறங்கியதும் மாத்திரையை நிறுத்துவது. ஒரு பெரியவருக்கு எல்டிஎல் 64. "நார்மல் ஆயிடுச்சும்மா" என்று சந்தோஷமாகப் போனார். அடுத்து வந்தபோது 151. மாத்திரையால்தான் 64, விட்டால் சில வாரத்தில் பழைய இடத்துக்கே போய்விடும். கால் தசை வலிக்கிறது என்று விடுகிறவர்களும் உண்டு. வலி நிஜமாக இருக்கலாம். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம், அதையெல்லாம் டாக்டர் செய்வார். சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும் என்பதும் உண்மைதான். ஆனால் ஏறுவது சொற்பம், தடுப்பது பெரிது. வீட்டுக்கு வந்து பிபி, சுகர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிற மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்களிடம், கொழுப்பு மாத்திரையும் சீட்டில் இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அரசு மருத்துவமனையில் அட்டோர்வாஸ்டாட்டின் காசில்லாமல் கிடைக்கிறது.

சாப்பாட்டில் இரண்டு பேருக்கும் ஒரே பத்தியம் என்று ஆரம்பித்து, சரிப்படவில்லை. அத்தைக்குக் கெடுதல் சோறு. டெல்டாவில் காலையில் பழையது, மத்தியானம் குழம்பு, ரசம், மோர் என்று மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிடுகிற பழக்கம், ராத்திரி இட்லி. எல்லாம் அரிசி. மிஞ்சுகிற மாவுச்சத்தைக் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக்குகிறது. சோற்றைப் பாதியாக்கி, காயும் சுண்டலும் கூட்டியதில் அவருக்கு எண் இறங்கியது. மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் நல்லதுதான், தவிட்டோடு இருந்தால் நார்ச்சத்து உண்டு. அதற்காக அதையே குன்றாகக் குவித்துச் சாப்பிட்டால் பலனில்லை. ஆடிப்பெருக்குக் காப்பரிசி, "வெல்லம்தானே, சர்க்கரை இல்லையே" என்று உள்ளே போகும். உடம்புக்கு இரண்டும் ஒன்று.

அப்பாவுக்குச் சோற்றைக் குறைத்து எல்டிஎல் அசையவில்லை. அவருக்கு மாற்ற வேண்டியிருந்தது எண்ணெய். ரேஷன் பாமாயிலில் கிட்டத்தட்டப் பாதி நிறைகொழுப்பு. அதில் பொரித்ததும், பேக்கரி பிஸ்கட்டும்தான் அவருடைய சாயங்காலம். அளவாக நல்லெண்ணெய், கடலை எண்ணெய்க்கு மாறினோம். 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பாக்கெட்டில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். செடியிலிருந்து வருகிற எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் சொல்லும்படி கிடையாது. பீடியை விட்டதுதான் அப்பாவுக்கு எல்லாவற்றிலும் கஷ்டம். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: பக்கவாதத்துக்கு முதல் காரணம் பிபி. கொழுப்பு எவ்வளவு இறங்கினாலும் பிபி 170இல் நின்றால் பிரயோசனம் இல்லை. எங்கள் வீட்டில் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே பிபி கருவி இருக்கிறது.

அப்பாவுக்கு வந்ததிலிருந்து தம்பியைப் பிடித்து ரத்தம் எடுத்தேன். நாற்பதைத் தாண்டியவன், உரக்கடை வைத்திருக்கிறான், உட்கார்ந்த வேலை. அப்பா மாதிரி எல்டிஎல் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். வந்தது அத்தை மாதிரி: மொத்தம் 196, ட்ரைகிளிசரைடு 214, எச்டிஎல் 35, எச்பிஏ1சி 6.1. மேல் வரியைப் பார்த்து, "நார்மல்தானேக்கா" என்றான். 196இல் 35 கழித்தால் 161 என்று பேனாவால் எழுதிக் காட்டினேன். டாக்டர் அவனுக்கு இப்போதைக்கு மாத்திரை கொடுக்கவில்லை. இடுப்பளவைக் குறைக்கச் சொல்லி, காலையில் நடக்கச் சொல்லி, சம்பா அறுப்பு முடிந்ததும் மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றிருக்கிறார்.